துணி வெளுத்த பெண்மணி தொழிலதிபர் ஆன வரலாறு

ஊர் விட்டு ஊர் சென்று பிழைத்து முன்னுக்கு வந்தவர்கள் பலர். அவர்களில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியான மேடம் சி. ஜே. வாக்கர் அம்மையாரின் வரலாறு தனித்துச் சொல்லத் தக்கது. அவர் வாழ்ந்தது 51 ஆண்டுகள். அவற்றில் முதல் 37 ஆண்டுகள் வயலிலும், சலவைத் தொட்டியடியிலும், பிறர் வீட்டுச் சமையலறையிலும் கழிந்தன. மீதி இருந்த காலத்தில் கூந்தல் தைலம் விற்று, ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பிழைப்பு தந்த ஒரு தொழிலை நிறுவி விட்டார்.

பருத்திக் காட்டில் பிறப்பு

லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி நதிக்கரையை அடுத்த டெல்டா என்ற சிற்றூருக்கருகே 1867-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சாரா பிரீட்லவ். தாயும் தந்தையும் ஒரு பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறை ஒழிந்தபின் அந்தக் குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை சாராதான். சட்டம் சுதந்திரம் தந்ததே தவிர நிலம் தரவில்லை. கூலி உயர்வும் தரவில்லை.

ஏழு வயதில் தாய், தந்தை இருவரையும் இழந்தார். அக்காள் வீட்டில் வளர்ந்தார். ஆற்றுக்கு மறுகரையில் உள்ள விக்ஸ்பர்க் நகருக்கு அக்காள் குடும்பத்துடன் சென்று வீட்டு வேலை செய்தார். அவர் பள்ளிக்கூடம் சென்றது ஏறக்குறைய மூன்று மாதங்களே. அக்காள் கணவனின் கொடுமை தாங்காமல் 14-வது வயதில் மணம் செய்து கொண்டார். 1885-ல் லீலியா என்ற பெண் குழந்தை பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்து விட்டார். இருபது வயதில் கைக்குழந்தையுடன் விதவையாக நின்றார் சாரா.

பதினெட்டு ஆண்டு சலவை

அண்ணன்மார் செயிண்ட் லூயிஸ் நகரில் முடிதிருத்தும் தொழில் செய்து வந்தனர். அவர்களை நம்பி அங்கே குடிபெயர்ந்தார். கிடைத்தது சலவை வேலை. கொதிக்கும் நீர், தோலை அரிக்கும் காரச் சோப்பு, குனிந்து தேய்க்கும் பலகை. இவற்றோடு நாள் முழுவதும் உழைத்தாலும் கூலி ஒரு டாலரை ஒட்டித்தான் வந்தது. விக்ஸ்பர்க்கில் தொடங்கிய அந்த வேலையை ஏறக்குறைய 18 ஆண்டுகள் செய்தார். அந்தக் கூலியிலிருந்து காசு சேர்த்துத்தான் மகளை டென்னசி மாநிலத்திலுள்ள நாக்ஸ்வில் கல்லூரி வரை அனுப்பினார். இடையில் செய்து கொண்ட இரண்டாவது மணமும் நிலைக்கவில்லை.

அந்நாளில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வீட்டில் குழாய் வசதி இல்லை. அடிக்கடி தலைக்குக் குளிக்க வழியில்லை. சத்தான உணவும் இல்லை. தலைத் தோலில் பொடுகும் புண்ணும் வந்தன. சாராவுக்கும் இந்தத் தொல்லை ஏற்பட்டது. அப்போது செயிண்ட் லூயிஸில் ஆனி டர்ன்போ என்ற கறுப்பினப் பெண்மணி கூந்தல் தைலம் தயாரித்து வீடு வீடாக விற்று வந்தார். பிற்காலத்தில் ஆனி மலோன் என்று புகழ் பெற்றவர் இவரே. அவரிடம் சாரா கமிஷன் ஏஜெண்டாகச் சேர்ந்தார். விற்பனைத் தொழிலில் அவர் வைத்த முதல் அடி அதுதான்.

சொந்தச் சரக்கு

1905-ம் ஆண்டு ஜூலையில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்குப் புறப்பட்டார். கையில் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அங்கே சமையல் வேலை செய்து கொண்டே, ஓய்வு நேரத்தில் டர்ன்போவின் சரக்கை விற்றார். 1906 ஜனவரியில் சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்தார். அவர் பத்திரிகை விளம்பரத் தொழில் தெரிந்தவர். அதன்பின் தமது சொந்தத் தைலத்தைத் தயாரித்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். தைலத்தின் செய்முறை கனவில் கிடைத்தது என்று அவர் சொல்லி வந்தார். பழைய முதலாளி டர்ன்போவோ, தமது சரக்கைப் பார்த்துச் செய்தது என்று குற்றம் சாட்டினார். உண்மையில் கந்தகமும் பெட்ரோலிய மெழுகும் கலந்த களிம்பு நெடுங்காலமாகவே மருத்துவர்கள் அறிந்ததுதான். எனவே, வாக்கர் அம்மையாரின் திறமையை டப்பாவுக்குள் தேடுவதைக் காட்டிலும், அதை அவர் விற்ற முறையில் தேடுவதே பொருந்தும்.

முதலாவதாக, டப்பாவின் மேல் தமது சொந்தப் படத்தையே அச்சிட்டார். கறுப்புப் பெண்ணின் முகம் விளம்பரத்துக்கு உதவாது என்று பலரும் எண்ணிய காலம் அது. விளம்பரங்களில் தைலம் தேய்ப்பதற்கு முன்பு இருந்த கூந்தலையும், தேய்த்த பின்பு வளர்ந்த கூந்தலையும் காட்டினார். இரண்டாவதாக, சரக்கை மட்டும் விற்காமல், தலையைச் சுத்தம் செய்யும் முறையையே சொல்லிக் கொடுத்தார். அடிக்கடி தலையை அலசுவது, தைலம் தேய்ப்பது, சூடேற்றிய சீப்பால் வாருவது என்று எல்லாம் வரிசையாக அமைந்த முறை அது.

ரயில் வழியே வளர்ந்த வாணிபம்

1906-ல் டென்வரில் தபால் ஆர்டர்களை அனுப்பும் பொறுப்பை மகளிடம் விட்டு விட்டு, கணவருடன் தென் மாநிலங்களில் சுற்றுப்பயணம் கிளம்பினார். தென் மாநில ரயில்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி என்று சட்டமே இருந்த காலம். அந்தப் பெட்டிகளில்தான் அவர் ஊர் ஊராகச் சென்றார். ஓர் ஊரில் இறங்கியதும் கறுப்பினத்தவரின் மாதா கோவிலுக்குப் போவார். அங்குள்ள பெண்களைக் கூட்டிச் செய்து காட்டுவார். ஆர்வமுள்ளவர்களுக்குத் தொழிலைக் கற்றுத் தருவார். அவர்களையே ஏஜெண்டுகளாக அமர்த்தி விட்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறுவார்.

நாளொன்றுக்குப் பத்து டாலர் வந்ததும் கணவர் இதுவே போதும் என்று எண்ணினார். மனைவி அப்படி எண்ணவில்லை. இந்தக் கருத்து வேறுபாடு முற்றி, 1912-ம் ஆண்டு வாக்கில் இருவரும் பிரிந்தனர். கணவரின் பெயர் மட்டும் டப்பாவின் மேல் தங்கி விட்டது.

1908-ல் பிட்ஸ்பர்க் நகரில், மகளின் பெயரால் லீலியா கல்லூரி என்ற பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1910-ல் தலைமையகம் இண்டியானாபொலிஸ் நகருக்கு மாறியது. பல திசைகளிலிருந்து வரும் ரயில் பாதைகள் அங்கே சந்தித்தன. சரக்கு எந்தத் திசைக்கும் விரைவில் போகும். கறுப்பினத்தவர் திரளாக வாழ்ந்த ஊராகவும் அது இருந்தது. அவர்களுடைய பத்திரிகைகளும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. இதைக் கணக்கிட்டே அவர் அங்கு தொழிற்சாலை அமைத்தார். 1911-ல் கம்பெனியைப் பதிவு செய்தபோது பங்குகள் முழுவதும் அவர் பெயரிலேயே இருந்தன.

தமக்குப் படிப்பு இல்லை என்பதை அவர் மறந்ததில்லை. ஆகவே படித்தவர்களைத் தேடிப் பிடித்தார். நிர்வாகத்தை வழக்கறிஞர் பிரீமன் ரான்சமிடம் ஒப்படைத்தார். தொழிற்சாலை மேற்பார்வைக்கு ஆலிஸ் கெல்லி என்ற ஆசிரியையை அமர்த்தினார். அவரிடமே பிழையின்றி எழுதவும் பேசவும் பாடம் கற்றுக் கொண்டார். 1913-ல் ஜமைக்கா, கியூபா, ஹைத்தி, கோஸ்டாரிகா, பனாமா ஆகிய பகுதிகளுக்கும் சென்று சந்தையை விரித்தார்.

வாங்கியவரே விற்பவர்

அந்நாளில் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் மூன்றே மூன்றுதான்: வயல் வேலை, வீட்டு வேலை, சலவை வேலை. வாக்கர் அம்மையார் நான்காவது வழி ஒன்றைத் திறந்தார். நேற்று டப்பா வாங்கிய பெண்ணே இன்று விற்பனையாளர். நாளை தன் வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்துபவர். பயிற்சி இல்லாத வெள்ளைக்காரத் தொழிலாளிக்கே வாரம் 11 டாலர் அளவில் கூலி கிடைத்த காலத்தில், கைதேர்ந்த வாக்கர் ஏஜெண்டு ஒருவர் நாளொன்றுக்கு 5 முதல் 15 டாலர் வரை ஈட்ட முடிந்தது. 1917-க்குள் சுமார் 20,000 பெண்களுக்குப் பயிற்சி அளித்ததாகக் கம்பெனி கூறிக் கொண்டது.

ஆயினும், ஆண்கள் கூடும் வர்த்தக சபைகளில் இந்தத் தொழிலுக்கு உடனே மதிப்புக் கிடைக்கவில்லை. 1912-ல் சிகாகோவில் கறுப்பின வர்த்தகர்களின் தேசிய சங்க மாநாடு கூடியது. தலைவர், புகழ் பெற்ற புக்கர் டி. வாஷிங்டன். வாக்கர் அம்மையார் பேச வாய்ப்புக் கேட்டும் அவர் இசையவில்லை. கடைசி நாளன்று அம்மையார் தம் இடத்திலேயே எழுந்து நின்று, பருத்திக் காட்டிலிருந்து தொழிற்சாலை வரை தாம் வந்த வழியை அழைப்பில்லாமலே எடுத்துச் சொல்லி முடித்தார். அடுத்த ஆண்டு மாநாட்டில் அதே தலைவர் அவரை முறைப்படி அழைத்துப் பேச வைத்தார்.

1917 ஆகஸ்டில் பிலடெல்பியா நகரில் தமது ஏஜெண்டுகளின் மாநாட்டை அம்மையார் கூட்டினார். இருநூறுக்கு மேற்பட்ட பெண்கள் வந்தனர். அதிகச் சரக்கு விற்றவர்களுக்குப் பரிசு தந்ததோடு, தம் ஊரில் அதிகம் தருமம் செய்தவர்களுக்கும் பரிசு தந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அந்த ஆண்டு கோடையில் ஈஸ்ட் செயிண்ட் லூயிஸ் நகரில் கறுப்பின மக்கள் பலர் கலகத்தில் கொல்லப்பட்டிருந்தனர். அந்தக் கொடுமையை முறையிட வெள்ளை மாளிகைக்குச் சென்ற தூதுக்குழுவில் அம்மையாரும் ஒருவர். குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. மாநாட்டுக்கு வந்த பெண்கள் அதே கோரிக்கையைத் தந்தி மூலம் அவருக்கு அனுப்பினர். முன்பு துணி வெளுத்தும் வீட்டு வேலை செய்தும் பிழைத்தவர்கள், நாட்டின் தலைவரிடம் நியாயம் கேட்டுத் தந்தி அடித்தார்கள்.

கடைசி நாட்கள்

1916-ல் நியூயார்க்கில் குடியேறிய அம்மையார், ஹட்சன் நதிக்கரையில் உள்ள இர்விங்டன் என்ற ஊரில் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டினார். அதை வரைந்தவர் வெர்ட்னர் டாண்டி என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். 1918-ல் குடிபுகுந்த அந்த வீட்டில் அவர் நெடுநாள் வாழக் கொடுத்து வைக்கவில்லை. இரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் முற்றின. டாக்டர்கள் ஓய்வு எடுக்கச் சொல்லியும் சுற்றுப்பயணத்தை அவர் நிறுத்தவில்லை. 1919 மே 25-ந் தேதி காலமானார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் கொடுமையை எதிர்க்கும் நிதிக்கு 5,000 டாலர் தருவதாக வாக்களித்திருந்தார்.

சொந்த உழைப்பால் கோடீசுவரியான முதல் அமெரிக்கப் பெண் என்று அவரைப் பலரும் குறிப்பிடுவதுண்டு. ஆனால் அவர் இறந்தபோது சொத்தின் மதிப்பு சுமார் 6 லட்சம் டாலர் என்றே கணக்கிடப்பட்டது. கம்பெனியின் வருங்கால நிகர லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு தருமத்துக்குச் சேர வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். கம்பெனித் தலைமை பெண்ணிடமே இருக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்திருந்தார். அதன்படி மகள் தலைமை ஏற்றார்.

அவர் திட்டமிட்ட தலைமையகக் கட்டடம் இண்டியானாபொலிஸில் 1927-ல் திறக்கப்பட்டது. கம்பெனி 1981 வரை நடந்தது. 1998-ல் அமெரிக்க அரசு அவர் படத்துடன் தபால் தலை வெளியிட்டது. தபால் ஆர்டர்களை நம்பித் தொழில் தொடங்கியவருக்கு அது பொருத்தமான மரியாதைதான். என்றாலும், அவருடைய உழைப்பின் பலனை அன்றாடம் கண்டவர்கள் அந்த ஏஜெண்டுப் பெண்களே. சலவைத் தொட்டியை விட்டு எழுந்து, சொந்த வருமானத்தில் வீடு வாங்கியும், பிள்ளைகளைப் படிக்க வைத்தும் வாழ்ந்தவர்கள் அவர்களில் பலர்.