காலால் மிதித்த பெட்டியைக் கைக்குக் கொண்டுவந்தவர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் நடக்கும். ராஜபார்ட் வருவதற்கு முன்பே ஆர்மோனியக்காரர் மேடையோரம் வந்து அமர்ந்துவிடுவார். அந்தப் பெட்டியைத் தரையில் உட்கார்ந்தபடியே வாசிக்க வழி செய்தவர் யார் தெரியுமா? ஒரு வங்காளி! அவர் பெயர் துவாரகநாத் கோஷ்.

ஆர்மோனியம் பிறந்தது பிரான்சு நாட்டில். 1840-களில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஐரோப்பியர்கள் அதைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தனர். மேஜை போன்ற பெரிய பெட்டி. நாற்காலியில் அமர்ந்து இரு கால்களாலும் மிதிக்க வேண்டும். ஓசை என்னவோ இனிமைதான். ஆனால் ஏழைப் பாடகர் அதை வாங்க முடியுமா? வாங்கினாலும் ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது யார்?

கோஷ் 1875-ல் கல்கத்தாவில் கடை திறந்தார். தம் பெயரோடு லண்டன் வியாபாரி டாக்கின்ஸ் பெயரையும் சேர்த்து, கடைக்குத் "துவார்கின்" என்று பெயர் வைத்தார்.

கால் மிதியை எடுத்தார். துருத்தியைப் பெட்டியின் பின்புறம் பொருத்தினார். ஒரு கை துருத்திக்கு, மறு கை கட்டைக்கு! ஐரோப்பியருக்கு இது நஷ்டம். அவர்கள் சங்கீதத்துக்கு இரு கைகளும் வேண்டும். நம் பாட்டோ ஒவ்வொரு சுரமாக ஓடுவது. ஒரு கையே போதும். இதைக் கண்டுகொண்டதுதான் கோஷின் சாமர்த்தியம். உள்ளே பாடியது அதே பித்தளை நாக்குதான். உறுப்புகள் குறைந்தன, விலையும் இறங்கியது. பழுது பார்ப்பதும் சுலபமாயிற்று.

விருதுநகர்-தென்காசி ரயில் 1927-ல் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில்தான் இந்த இரண்டு ஊர்களும் இருக்கின்றன. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்து இறங்கலாம்!

கமகம் பேசாத கருவி என்று 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் அது தளர்ந்தது. நாடக மேடையில் மட்டும் பெட்டி ஒரு நாளும் மூடப்படவில்லை.