கடல் மேல் பறந்த தீரர்

அமிர்தி மலைச்சாரலுக்கு வடகிழக்கே, பழைய வட ஆற்காட்டுச் சீமையிலேயே, அரக்கோணத்தில் நமது கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 1992-ஆம் வருஷம் மார்ச்சு 11-ஆம் தேதி ராஷ்டிரபதி ஸ்ரீ ஆர். வெங்கடராமன் அதைத் திறந்து வைத்தார். அங்கிருந்து புறப்படும் விமானங்கள் வங்கக் கடலுக்கும் அப்பால் சென்று, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடித் திரும்புகின்றன. கடற்படைக்கு விமானப் பிரிவு என்பதே நமக்கு இல்லாத காலத்தில், அந்நியக் கொடியின் கீழ் இதே தொழிலைச் செய்து உயிர் துறந்த இந்தியர் ஒருவர் உண்டு. அவர்தான் ஸ்ரீ மன்மோகன் சிங். அவர் பெயரை நம் ஜனங்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அவர் 1906-ஆம் வருஷம் ராவல்பிண்டியில் பிறந்தவர். இங்கிலாந்து சென்று பிரிஸ்டல் நகரில் என்ஜினீயரிங் கற்றார். விமானம் ஓட்டவும் அங்கேயே பழகினார். 1929-ஆம் வருஷக் கடைசியில் ஆகாகான் ஒரு பந்தயம் அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எத்திசையிலாயினும் சரியே, குறித்த காலத்துக்குள் தன்னந்தனியாய்ப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. மூன்று வாலிபர்கள் முன்வந்தார்கள். ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டார்; பதினேழே வயதான ஸ்ரீ ஆஸ்பி என்ஜினீயர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே புறப்பட்டார். ஸ்ரீ மன்மோகன் சிங்கும் இங்கிலாந்திலிருந்தே தாய்நாடு நோக்கிக் கிளம்பினார்.

அவர் ஏறி வந்தது ஜிப்ஸி மாத் என்னும் சிறு விமானம். ஒற்றை என்ஜின், தலைக்கு மேல் கூரையில்லாத ஆசனம், வழி கேட்க ரேடியோவும் கிடையாது. மழையும் மூடுபனியும் முகத்தில் அறையும். அதற்கு அவர் மிஸ் இந்தியா என்று நாமகரணம் செய்திருந்தார். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. அன்னிய பத்திரிகைக்காரர்களில் பரிகாசம் செய்தவரும் உண்டு. அவர் மனம் தளராது மீண்டும் புறப்பட்டு, 1930-ஆம் வருஷம் மே மாதம் கராச்சி வந்து இறங்கினார். ஆயினும் பந்தயத்தின் காலவரையறை கடந்துபோயிற்று. பரிசு ஸ்ரீ ஆஸ்பி என்ஜினீயருக்குச் சென்றது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியே பறந்து வந்த முதல் இந்தியர் என்ற பெருமையை மட்டும் எந்த விதியாலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

அந்த வாரங்கள் எப்படிப்பட்டவை என்பதை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும். ஏப்ரல் 6-ஆம் தேதி மகாத்மா காந்தி தண்டியில் உப்பெடுத்தார். அம்மாதக் கடைசியில் ராஜாஜியின் தொண்டர் படை வேதாரண்யத்தை அடைந்தது. தன் கடற்கரையில் ஒரு பிடி உப்பெடுக்கவும் உரிமையற்றிருந்த ஜாதியைச் சேர்ந்த வாலிபர், அதே சமயத்தில் கண்டங்களையும் கடல்களையும் தனியே தாண்டி வந்தார். இந்தியனால் எதுவும் ஆகாது என்ற ஏளனத்துக்கு இரண்டுமே தக்க பதில் என்பது நமது துணிபு.

பின்னர் அவர் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும் தனியே பறந்தார். பட்டியாலா மகாராஜாவின் விமானியாகவும் இருந்தார். இரண்டாவது உலக மகாயுத்தம் மூண்டதும் இந்திய விமானப்படையின் தொண்டர் பிரிவில் சேர்ந்தார். 1940-ல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட 24 இந்திய விமானிகளில் அவர் ஒருவர். அங்கே கடலோரக் காவல் விமானப் பிரிவில் அமர்ந்து, நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்கும் ஸண்டர்லாண்டு, காடலினா விமானங்களை அட்லாண்டிக் மேல் ஓட்டினார். மணிக்கணக்கில் வெறும் கடலையே பார்த்துக்கொண்டு, ஜெர்மானிய நீர்மூழ்கியின் சுவடு தெரிகிறதா என்று தேடும் வேலை அது. அதில் ஆரவாரம் இல்லை. அயர்ந்தாலோ ஒரு கப்பல் கூட்டமே அழியும்.

ஜப்பான் யுத்தத்தில் இறங்கியதும் அவர் கிழக்கே அனுப்பப்பட்டார். ஜாவா வீழும் தறுவாயில், அகதிகளை ஏற்றிய நீர் விமானங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் வந்து ஒதுங்கின. 1942-ஆம் வருஷம் மார்ச்சு 3-ஆம் தேதி காலையில் ஜப்பானியச் சண்டை விமானங்கள் அங்கே பாய்ந்தன. நீரில் மிதந்த 15 விமானங்களும் தீக்கிரையாயின. பெண்களும் குழந்தைகளும் உட்பட 88 பேருக்குக் குறையாமல் மடிந்தனர். மன்மோகன் சிங்கும் அவர்களில் ஒருவரானார். சிங்கப்பூரில் கிராஞ்சி மயானத்திலுள்ள ஞாபகச் சின்னத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சுதந்திரப் போர் நடக்கையில் பிரிட்டிஷ் கொடியின் கீழ் அவர் சேவித்தது தகுமா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சிறை சென்றவர்களின் தியாகத்துக்கு அதை நாம் ஈடாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று இந்தியனுக்குச் சொந்த விமானப்படை ஏது? சொந்தக் கொடிதான் ஏது? கற்கவேண்டிய வித்தையை அந்நியன் கையிலிருந்துதான் கற்கவேண்டியிருந்தது. சுதந்திரம் வந்தபின் நமது கடற்படை 1953-ல் கொச்சியில் முதல் விமானத் தளத்தை நிறுவியபோது, அதை நடத்த இந்தியரால் இயலுமா என்ற ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தவர்களில் இவரும் ஒருவர்.

அரக்கோணத்தில் இன்று இளைஞர்களுக்கு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பிக்கும் கடற்படைப் பள்ளியும் இருக்கிறது. அங்கே பயில்வோருக்கு இவ்வீரரின் சரித்திரத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. வென்றவர்களின் பெயர்கள் தாமே நிலைத்துவிடும். காலம் தவறிப் பரிசிழந்தும் பயணத்தைக் கைவிடாதவர்களின் பெயர்களை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.