குதிரையே தன்னைப் படம் எடுத்தது எப்படி? யார் இந்த எட்வர்ட் மைபிரிட்ஜ்?

சிக்னலைத் தாண்டும் வண்டியைத் தானாகவே படம் பிடிக்கும் கேமரா, கிரிக்கெட்டில் பந்து போகும் பாதையைக் கணக்குப் போடும் கேமராக்கள்னு இன்னைக்கு எத்தனையோ பார்க்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கேள்விதான். சரியான நொடியில் ஷட்டரை யார் அழுத்துவது? கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இதற்கு விடை கண்டவர் எட்வர்ட் மைபிரிட்ஜ்.

யார் இவர்?

1830-ல் இங்கிலாந்தின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். இளம் வயதில் அமெரிக்கா போய், சான் பிரான்சிஸ்கோவில் புத்தகம் விற்றார். 1860-ல் டெக்சாஸில் குதிரை வண்டி விபத்தில் தலையில் பலத்த அடி. அதற்குப் பிறகுதான் முழுநேரப் புகைப்படக்காரர் ஆனார். யோசெமிட்டி பள்ளத்தாக்கை எடுத்த படங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

குதிரை எப்படி வந்தது?

ரயில்வே அதிபரும், கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநருமான லீலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு ஒரு சந்தேகம். ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? 1872-ல் மைபிரிட்ஜை அழைத்தார். இதற்காகப் பெரும் தொகை பந்தயம் கட்டினார்னு ஒரு கதை உண்டு, ஆனா அதற்கு ஆதாரம் கிடையாது.

வேலை பாதியில் நின்றது. 1874-ல் தன் மனைவியின் காதலர் என்று நம்பிய ஹாரி லார்கின்ஸை மைபிரிட்ஜ் சுட்டுக் கொன்றார். கொன்றதை அவர் மறுக்கவில்லை. ஆனாலும் மறுவருடம் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். மனைவி அதே ஆண்டில் இறந்துபோனார், குழந்தை அனாதை இல்லத்துக்குப் போனது.

12 கேமராக்கள் எப்படி வேலை செய்தன?

1878 ஜூன். பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணை. ஓடுபாதையின் ஓரமாக 12 கேமராக்கள் வரிசையாக நின்றன. பாதையின் குறுக்கே 27 அங்குலத்துக்கு ஒன்றாக நூல்கள் கட்டப்பட்டிருந்தன. ஓடி வரும் குதிரை நூலைத் தட்டினால் மின்சுற்று இணையும், அந்த நூலுக்கான கேமராவின் ஷட்டர் விடுபடும். அதாவது, ஷட்டரை அழுத்தியது குதிரைதான்! மின் ஷட்டரை உருவாக்க உதவியவர் ரயில்வே பொறியாளர் ஜான் ஐசக்ஸ்.

எதிரே வெள்ளைச் சுவர், அதில் எண் போட்ட கோடுகள். குதிரையின் உருவம் பளிச்சென்று தெரியணும், ஒவ்வொரு படத்திலும் அது எவ்வளவு தூரம் நகர்ந்ததுன்னு அளக்கவும் முடியணும். கேமராவை அளவுகோலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் இன்றைய கம்ப்யூட்டர் விஷன் வேலையும் இதே யோசனைதான்.

பத்திரிகையாளர்கள் முன்னிலையில் சாலி கார்ட்னர் என்ற குதிரை ஓடியது. சுமார் அரை நொடியில் 12 படங்கள். நாலு காலும் தரையை விட்டு எழுவது உறுதியானது. அதுவும் ஓவியர்கள் வரைந்ததுபோல கால்களை நீட்டியபடி இல்லை, வயிற்றுக்கு அடியில் மடக்கியபடி!

பெயர் யாருக்கு?

1882-ல் ஸ்டான்ஃபோர்டின் ஆதரவில் குதிரையின் ஓட்டம் பற்றி ஒரு புத்தகம் வந்தது. முகப்பில் மைபிரிட்ஜின் பெயர் இல்லை, கூலிக்கு வேலை பார்த்தவர் போலத்தான் உள்ளே காட்டப்பட்டார். இதைப் பார்த்த லண்டன் ராயல் சொசைட்டி, அவருடைய கட்டுரையை வெளியிடும் முடிவிலிருந்து பின்வாங்கியது. ஸ்டான்ஃபோர்ட் மீது போட்ட வழக்கும் தோற்றது.

அவர் ஓய்ந்துவிடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு மறுபடியும் தொடங்கினார். இந்த முறை நூலுக்குப் பதிலாகக் கடிகாரப் பொறி. குறித்த இடைவெளியில் அதுவே மின்சுற்றை இணைத்து, கேமராக்களை வரிசையாக இயக்கியது. ஒரே அசைவைப் பல கோணங்களிலிருந்து எடுத்தார். 1887-ல் 781 தொகுப்புப் படங்களாக அவை வெளிவந்தன. 1904-ல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

இன்னைக்கு என்ன தொடர்பு?

நகரும் பொருளைப் பின்தொடர இரண்டு வழிகள். ஒன்று, மோட்டார் பொருத்திய தாங்கியில் கேமராவைத் திருப்புவது. இன்னொன்று, பல கேமராக்களை நிறுத்தி, நேரம் பிசகாமல் இயக்குவது. மைபிரிட்ஜ் பிடித்தது இரண்டாவது வழி. 1999-ல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் தோட்டா மிதக்கும் காட்சியும் இப்படி எடுத்ததுதான், அங்கே நூலின் வேலையைக் கம்ப்யூட்டர் செய்தது.

அந்தக் குதிரைப் பண்ணை இருந்த நிலத்தில்தான் பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் எழுந்தது. சுமார் 100 கேமராக்களை ஒரே நேரத்தில் இயக்கும் அமைப்பை 2000-களில் அங்குள்ள ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். மைபிரிட்ஜ் நூல் கட்டிய அதே மண்ணில்!