ஒரு திரைப்பாட்டில் அடங்காத நாயனம்

காருகுறிச்சி அருணாசலம் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது, 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படம். எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசையில், எஸ்.ஜானகியின் குரலோடு அவரது நாகசுரம் இழைந்த ஆபேரி ராகப் பாடல் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆனால், அந்த ஒரு பாடலின் வெளிச்சமே அவருடைய வாழ்நாள் உழைப்பை மறைத்துவிட்டதோ என்கிற ஐயம் எனக்கு உண்டு.

நெல்லைச் சீமையில் உள்ள காருகுறிச்சியில் 1921-இல் பிறந்தவர் அருணாசலம். நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். குருவின் அருகில் நின்று இரண்டாவது நாயனம் வாசித்தபடியே கற்றார். திமிரி நாயனத்தைவிட நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனத்துக்குப் பெருமை தேடித் தந்தவர் ராஜரத்தினம் பிள்ளை. அந்த வழியில் வந்த மாணவர், குருவின் நிழலிலேயே நின்றுவிடாமல், மென்மையும் குழைவும் மிக்க தமக்கேயுரிய நாதத்தைக் கண்டடைந்தார். கலை வளத்துக்குத் தஞ்சையையே சுட்டிய காலத்தில், தெற்கிலிருந்து எழுந்த நாதம் அது.

புகழ் பெற்ற பின் அவர் வாழ்ந்த ஊர் கோவில்பட்டி. பருத்தியும் கம்பும் விளையும் வானம் பார்த்த பூமி. அதே கரிசலில் குளத்தூர்க்காரனாகிய எனக்கு, இந்த உறவில் தனிப் பெருமிதம் உண்டு. விளாத்திகுளம் சுவாமிகள் ராக ஆலாபனையில் திளைத்த மண் இது. இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் இசையில் தோய்ந்த மண். மழை குறைந்த நிலத்தில் செவிச்செல்வம் குறையவில்லை.

சபாவில் நுழைவுச்சீட்டு பெற்றவரே இசை கேட்க முடியும். கோயில் வீதியிலும் கல்யாணப் பந்தலிலும் அந்தத் தடை இல்லை. காட்டு வேலை முடித்துத் திரும்பும் உழவரும், தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியும், சங்கீதம் கற்ற வித்துவானும் ஒரே தெருவில் நின்று கேட்கலாம். செவ்வியல் இசையை எளிய மக்களிடம் கொண்டுசேர்த்தது நாகசுரமே. அந்தப் பணியை உச்சத்தில் நின்று செய்தவர் அருணாசலம். அவர் 1964-இல் மறைந்தபோது, நாற்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார்.

கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு. ஆயினும், இன்றைய திருமணங்களில் நாகசுரக் கலைஞருக்குக் கிடைப்பது கெட்டிமேளத்துக்கான சைகையும், ஒரு திரைப்பாடலுக்கான வேண்டுகோளுமே. ஒலிபெருக்கியின் இரைச்சலில் மீதமெல்லாம் கரைந்துபோகிறது. கேட்பார் இல்லாத ராகத்தைக் கற்க இளைஞர் எவர் முன்வருவார்?

முகூர்த்தத்துக்கு முன் கால்மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, ஒரு ராகத்தை விரிவாக வாசிக்கச் சொல்லி அமர்ந்து கேட்போம். காருகுறிச்சியாருக்கு நாம் பட்ட கடனை அடைக்க அதுவே தொடக்கம்.