முத்துசாமி தீட்சிதர்

சோழவள நாட்டில் தேரழகால் புகழ்பெற்ற திருத்தலம் திருவாரூர். கருநாடக இசையின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்பெறும் சியாமா சாஸ்திரிகள், தியாகராசர், முத்துசாமி தீட்சிதர் ஆகிய மூவரும் அவ்வூரிலேயே பிறந்தனர். அவர்களுள் இளையவரான தீட்சிதர் 1775ஆம் ஆண்டில் தோன்றினார். அவர்தம் தந்தையார் இராமசாமி தீட்சிதர், அம்சத்வனி இராகத்தை உலகிற்கு அளித்தவர். வடமொழியையும் இசையையும் மகன் தந்தையாரிடமே கற்றுத் தேர்ந்தார்.

சென்னையில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் வாணிகத்தோடு போரும் நடத்திய காலம் அது. சென்னையை அடுத்த மணலியில், கும்பினியாரிடம் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய முதலியார் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. அவர்கள் அழைப்பை ஏற்று இராமசாமி தீட்சிதர் மக்களுடன் அங்கே குடியேறினார். புனித ஜார்ஜ் கோட்டைக்கு முதலியாருடன் சென்ற உடன்பிறந்தார், கும்பினிப் படையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டனர். குழலும் கொம்பும் முரசும் சேர்ந்து முழங்கின. படைநடைப் பாட்டுகளும், அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுக் கூத்து மெட்டுகளும் அதில் ஒலித்தன.

வேற்று நாட்டார் இசையென்று செவியை மூடிக்கொள்வது ஆசாரம் மிக்க அந்தணர் ஒருவர்க்கு எளிது. அவர்களது ஆட்சியோ நாளுக்கு நாள் வேரூன்றி வந்தது; 1799இல் தஞ்சை நாடும் அவர்கள் கைப்பட்டது. தீட்சிதர் செவியை மூடவில்லை. தம் இசையையும் கைவிடவில்லை. அம்மெட்டுகளின் சுரங்கள் சங்கராபரண இராகத்தின் சுரங்களே என்பதை அவர் கண்டார். நம் இசைக்கு உயிரான கமகம் மட்டும் அவற்றில் இல்லை. மெட்டையும் தாளத்தையும் மாற்றாமல், கணபதி, முருகன், அம்பிகை முதலிய தெய்வங்களைப் போற்றும் வடமொழிச் சொற்களை அவற்றில் அமைத்தார். ஆங்கில மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு, இசைத் தெய்வமாகிய சியாமளையின் துதியாயிற்று! நொட்டுசுர சாகித்தியங்கள் எனப்படும் இப்பாடல்கள் ஏறத்தாழ நாற்பது கிடைக்கின்றன. கமலாம்பாள் நவாவரணக் கீர்த்தனைகளின் ஆழத்தை இவற்றில் தேடுதல் பொருந்தாது; இவை சிறுவர் நாவிற்கும் எளியவை. இசை பயிலத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இன்றும் இவற்றைக் கற்பிக்கின்றனர்.

சிதம்பரநாத யோகி என்பவருடன் தீட்சிதர் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். அங்கே கேட்ட வடநாட்டு இசையும் அவர் உள்ளத்தில் படிந்தது. அவருடைய கீர்த்தனைகளின் ஆழ்ந்த, நிதானமான நடையில் துருபத இசையின் சாயல் உண்டு என்பர்.

கோட்டையில் கேட்ட இசை அவர் தம்பி பாலுசாமியை வேறு வழியில் ஈர்த்தது. அவர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று, அக்கருவியில் நம் இராகங்களை வாசித்துக் காட்டினார். தீட்சிதரின் மாணாக்கராகிய தஞ்சை வடிவேலுவும் அதில் வல்லவராகித் திருவிதாங்கூர் அரசவையில் விளங்கினார். பக்கவாத்தியமாகப் பிடில் இல்லாத கச்சேரியை இன்று காண்பது அரிது.

பாலுசாமி எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். தம்பியைக் காணத் தீட்சிதர் அவ்வூருக்குச் சென்றார். அங்கேயே 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில், மாணாக்கர் பாடக் கேட்டவாறே உயிர் நீத்தார் என்பர். அவர்தம் சமாதி எட்டயபுரத்தில் உள்ளது. பாலுசாமியின் மகள்வயிற்றுப் பேரரான சுப்பராம தீட்சிதர், தம் குடும்பத்தில் வழிவழி வந்த கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி 1904ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே பெருநூலாக அச்சிட்டார்.