வெள்ளி கூட்ஸும் இரண்டடித் தண்டவாளமும்

மதுரையிலிருந்து நம்ம தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876ல. அதே வருஷம் அக்டோபர் 20ஆம் தேதி குவாலியர் அரண்மனையில பிறந்தவர் மாதவராவ் சிந்தியா. அப்பா ஜயாஜிராவ் 1886ல் இறந்துபோக, பத்து வயசு நிறையாத பையன் மகாராஜா ஆயிட்டார். ரயில் மேல அவருக்குத் தீராத ஆசை. வளர்ந்தபிறகு எஞ்சினைத் தானே ஓட்டினவர்.

குவாலியர் போனா, ஜெய்விலாஸ் அரண்மனையில அவரோட வெள்ளி மாடல் ரயிலைப் பாருங்க. சாப்பாட்டு மேசை மேலேயே தண்டவாளம், மின்சாரத்துல ஓட்டம். எஞ்சினுக்குப் பின்னாடி ஏழு பெட்டி. சிந்தியாங்கிற பேரோட ஏழு ஆங்கில எழுத்தும் பெட்டிக்கு ஒண்ணா இருக்கும். சரக்கு என்ன தெரியுமா? மதுவும் சுருட்டும்! விருந்தாளி பாட்டிலைத் தூக்கினா வண்டி நின்னுடும்; திரும்ப வச்சா கிளம்பும். நாம இன்டர்லாக்னு படிக்கிறோமே, அந்த யோசனைதான்.

இதோட நின்னிருந்தா ராஜா வீட்டு விளையாட்டுன்னு சொல்லிட்டு நகர்ந்திடலாம். ஆனா 1890களில் அரண்மனையைச் சுற்றி அவர் போட்ட இரண்டடி அகலப் பாதை, வேலியைத் தாண்டி வெளியே போச்சு. 1899ல பிண்ட், சிவ்புரி ஊர்களுக்கு ரயில். 1909க்குள்ள ஷியோப்பூர் வரைக்கும், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இவ்வளவு நீளமான இரண்டடிப் பாதை உலகத்துலயே அபூர்வம்.

ஏன் இரண்டடி? 610 மில்லிமீட்டர் பாதைக்கு இரும்பும் மண்வேலையும் குறைவு. நெருக்கமான வளைவுலயும் திரும்பும். பெரிய பாதை கட்டுப்படியாகாத ஊருக்கும் ரயில் போகும். நஷ்டமும் உண்டு. குவாலியர்ல அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். சின்ன வேகன் அதுல ஏறாது. மூட்டை மூட்டையா இறக்கி மாத்தணும். வேகமும் குறைவு. நம்ம ஊர் மீட்டர் கேஜ் அகலப்பாதையா மாறினதுக்கும் இந்தத் தொல்லை ஒரு காரணம்.

மாதவராவ் 1925 ஜூன் 5ல் பாரிஸில் காலமானார். அவர் போட்ட சின்ன ரயில் 2020 வரைக்கும் ஜனங்களைச் சுமந்தது. அப்புறம் அகலப்பாதை வேலைக்காக நின்னுடுச்சு. மேசை ரயில் மட்டும் பளபளன்னு இருக்கு.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு மாடல் செய்யப்போற உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். டெமோ முடிஞ்சதும் அது அலமாரிக்குப் போகுமா, இல்ல உங்க ஊருக்குள்ள போகுமா? அளவைத் தீர்மானிக்கும்போதே இதையும் யோசிச்சுடுங்க.