பிறர் புகழுக்கு உழைத்த பிராம் ஸ்ரோக்கர்

சென்ற தவணையில் ஒரு நாள் கலிங்கத்துப்பரணியிலே கூழ் அடும் பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்த மாணாக்கி ஒருத்தி மேசைக்குக் கீழே வேறொரு நூலை விரித்து வைத்திருக்கக் கண்டு, அதனை வாங்கிப் பார்த்தேன். அமெரிக்க எழுத்தாளராகிய ஸ்ரெபனி மேயர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ருவைலைற்’ என்னும் ஆங்கில நாவல் அது. பள்ளி மாணவி ஒருத்திக்கும் இரத்தக் காட்டேரியாகிய இளைஞன் ஒருவனுக்கும் உண்டாகும் காதலே அதன் பொருள் என அறிந்ததும், வகுப்பார் அறிய அவளைக் கடிந்துகொண்டேன். சிறிது நேரம் தலைகுனிந்து நின்றவள், நாம் படித்துக்கொண்டிருப்பதும் பிணங்களைக்கொண்டு கூழ் சமைத்துண்ணும் பேய்களின் கதை அன்றோ என மெல்லிய குரலிற் கேட்டாள். யான் விடை கூறவில்லை. கூறுதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை என்பதே உண்மை.

அவ்வினாவே அந்நூலின் முன்னோரைத் தேடுமாறு என்னைத் தூண்டியது. தேடியவிடத்து எதிர்ப்பட்டவர் பிராம் ஸ்ரோக்கர். ‘டிராகுலா’ என்னும் பெயரை அறியாதார் இன்று அரியர். அதனைப் படைத்தவரின் வாழ்வை அறிந்தாரோ அவரினும் அரியர். அவ்வாழ்வு எம்போன்ற ஆசிரியர் சிந்தித்தற்குரியது.

ஆபிரகாம் ஸ்ரோக்கர் 1847ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆந் திகதி, அயர்லாந்திலே டப்ளின் நகரை அடுத்த குளொன்ராவ் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் டப்ளின் கோட்டையில் அரசாங்க உத்தியோகத்தர். ஏழு பிள்ளைகளுள் இவர் மூன்றாமவர். இன்னதென்று தெளியப்படாத நோயொன்றினால் ஏறக்குறைய ஏழு வயது வரை நடக்கவியலாது படுக்கையிற் கிடந்தார். அக்காலத்தில் தாயார் சார்லற் அவருக்குக் கதைகள் சொல்வார். 1832இல் தம் ஊராகிய சிலைகோவை வாந்திபேதி அழித்ததைச் சிறு பிராயத்திற் கண்டவர் அத்தாய். உயிர் முற்றும் பிரியாதாரையும் குழியில் தள்ளிய கொடுமையெல்லாம் அவர் நினைவில் இருந்தன. இறந்தும் இறவாதார் என்னும் கருத்து, அப்பிள்ளையின் உள்ளத்தில் இங்ஙனமே விதையாக விழுந்திருத்தல் கூடும்.

படுக்கையிற் கிடந்த அப்பிள்ளை, டப்ளின் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தபொழுது விளையாட்டு வீரராகவும் சொல்வன்மை மிக்கவராகவும் விளங்கினார். பின்னர்த் தந்தையாரைப் போலவே அரசாங்க உத்தியோகம் ஏற்றார். பகலிற் கோப்புக்களைப் பார்த்தார். மாலையில் நாடகம் பார்த்து, டப்ளின் மாலைப் பத்திரிகை ஒன்றுக்கு ஊதியமின்றி விமர்சனம் எழுதினார். அப்பத்திரிகையின் உரிமையாளருள் ஒருவராயிருந்த செரிடன் லெ பானு, பெண் காட்டேரி ஒருத்தியைப் பற்றிய ‘கார்மில்லா’ என்னும் கதையை எழுதியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1876இல் ஆங்கில நாடக உலகின் முதல்வராகிய ஹென்றி இர்விங் டப்ளினுக்கு வந்து ஹம்லெற்றாக நடித்தார். ஸ்ரோக்கர் எழுதிய விமர்சனத்தைக் கண்டு மகிழ்ந்த இர்விங் அவரை விருந்துக்கு அழைத்தார். அன்று தொடங்கிய நட்பு ஸ்ரோக்கரின் வாழ்வையே விழுங்கியது எனலாம். 1878 டிசம்பரில் புளோரன்ஸ் பல்கோம் என்னும் அழகியை மணந்தார். முன்னர் ஒஸ்கார் வைல்டும் அவரை விரும்பியிருந்தார். அம்மாதமே அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து இலண்டனுக்குச் சென்று, இர்விங்கின் லைசியம் நாடக அரங்கிற்கு முகாமையாளரானார்.

அப்பணியில் அவர் 27 ஆண்டுகள் உழைத்தார். கணக்கு, கடிதப் போக்குவரத்து, பிரமுகரை வரவேற்றல், அமெரிக்கப் பயணங்கள் யாவும் அவர் தலைமேலேயே இருந்தன. பிறந்த ஒரே மகனுக்கும் இர்விங் என்ற பெயரையே வைத்தார். திரை விழுந்ததும் எழுந்த கரகோஷம் இர்விங்கிற்கு. திரைக்குப் பின்னாலுள்ள சுமை ஸ்ரோக்கருக்கு. தமக்கென எஞ்சிய விடுமுறைகளிலேதான் அவர் கதை எழுதினார்.

அவ்வாறு எஞ்சிய பொழுதிற் பிறந்ததே ‘டிராகுலா’. 1890ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதற்கான குறிப்புக்களைத் தொடங்கினார். அவ்வாண்டுக் கோடையில் விற்பி என்னும் கடற்கரையூருக்குச் சென்றவர், அங்குள்ள வாசிகசாலையில் வலாக்கியா நாட்டைப் பற்றிய பழைய நூலொன்றில் டிராகுலா என்ற பெயரைக் கண்டார். வலாக்கிய மொழியில் அது பிசாசைக் குறிக்கும் என்ற அடிக்குறிப்பையும் படியெடுத்தார். அதுவரை வேறு பெயருடன் இருந்த பிரபு டிராகுலா ஆனார். 1885இல் விற்பிக் கரையில் உடைந்த ருசியக் கப்பல் ஒன்றின் செய்தியும் கதைக்குள் புகுந்தது. கதை தொடங்கும் திரான்சில்வேனியாவையோ அவர் ஒருநாளும் கண்டாரில்லை. நூல்களிலிருந்தே அதனைக் கட்டியெழுப்பினார்.

ஏழாண்டு உழைப்பின் பயனாக, 1897 மே 26ஆந் திகதி அந்நாவல் வெளிவந்தது. அதற்கு எட்டு நாள் முன்னர், நாடக உரிமையைக் காத்தற்பொருட்டு அதனை லைசியம் அரங்கிலே நடிகரைக்கொண்டு வாசிப்பித்தார். டிராகுலாவின் கம்பீரத்திலும், பிறரைத் தன்வயப்படுத்தும் ஆற்றலிலும் இர்விங்கின் சாயலை ஆராய்ச்சியாளர் பலர் காண்கின்றனர். அப்பாத்திரத்தை இர்விங் ஒருபொழுதும் நடித்தாரில்லை.

ஸ்ரோக்கர் படைத்த டிராகுலா காதலன் அல்லன் என்பது கருதத்தக்கது. வெண்மீசையும், துர்நாற்ற மூச்சும், உள்ளங்கையில் மயிரும் உடைய முதியவனாகவே அவன் அறிமுகமாகின்றான். லூசியையும் மீனாவையும் நாடுவது அன்பினால் அன்று. பசியினாலும் ஆதிக்க வெறியினாலுமே. அந்நூலிற் காதல் உளதெனின், அது மீனாவைக் காக்க உயிரையும் கொடுக்கத் துணிந்த மானுடரிடமே உளது.

நூலுக்கு நல்ல வரவேற்பு இருந்தும், அது ஸ்ரோக்கரைச் செல்வராக்கவில்லை. 1898இல் லைசியத்தின் காட்சிப் பொருட்கள் தீக்கிரையாயின. இர்விங்கின் செல்வமும் உடல்நலமும் குன்றின. 1905 ஒக்தோபரில் அவர் இறந்தார். அதன்பின் ஸ்ரோக்கர் நோயோடும் வறுமையோடும் போராடினார். அந்நிலையிலும் அவர் முதலில் எழுதி முடித்தது 1906இல் வெளிவந்த, இர்விங்கைப் பற்றிய இரு பாக நினைவு நூலே. 1912 ஏப்பிரில் 20ஆந் திகதி இலண்டனிற் காலமானார். ரைற்றானிக் கப்பல் மூழ்கி ஐந்து நாட்களே சென்றிருந்தன. வந்த இரங்கற் குறிப்புக்களும் அவரைப் பெரிதும் இர்விங்கின் துணைவராகவே நினைந்தன. அடுத்த ஆண்டு அவருடைய டிராகுலாக் குறிப்புக்கள் இரண்டு பவுணுக்குச் சற்றுக் கூடிய விலைக்கு ஏலம் போயின. இன்று அவை பிலடெல்பியா நகரத்து ரோசன்பாக் நூதனசாலையில் அருஞ்செல்வமாகப் பேணப்படுகின்றன.

கணவர் விட்டுச்சென்ற நூலை விதவையாகிய புளோரன்ஸ் காத்தார். 1922இல் ஜெர்மனியில் அனுமதியின்றி அக்கதையை ‘நொஸ்பெராத்து’ என்னும் படமாக்கினர். அவர் வழக்காடினார், 1925இல் பிரதிகளை அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. எனினும் சில பிரதிகள் தப்பின. சூரிய ஒளி பட்டாற் காட்டேரி மாயும் என இன்று பலர் நம்புவது அப்படத்தினின்றே பரவியது. ஸ்ரோக்கரின் டிராகுலா பகலிலும் நடமாடுவான். அமெரிக்காவில் 1931இல் வெளிவந்த படத்திலே பேலா லுகோசி அவனை நாகரிக உடையணிந்த கவர்ச்சியாளனாக்கினார். 1992இல் பிரான்சிஸ் போர்ட் கொப்பலா அவனை இறந்த மனைவியைத் தேடும் காதலனாக்கினார். கிழவன் இளைஞனாகி, பகைவன் காதலனான இவ்வழியிலே தோன்றியவனே ‘ருவைலைற்’ நாயகன். 2008 முதல் 2012 வரை வெளிவந்த ஐந்து படங்கள் அவனை உலகெங்கும் கொண்டுசென்றன.

அம்மாணாக்கியின் நூலையும் யான் முழுவதும் படித்தேன். நடையில் எனக்கு நிறைவில்லை. ஆயினும் அந்நாயகன் மானுட இரத்தத்தை நாடும் பசியுடையவனாயிருந்தும் அதனை அடக்கி, விலங்கின் குருதியால் உயிர் வாழ்கின்றான். தான் விரும்பும் பெண்ணையே உண்ணத் தூண்டும் பசியோடு அவன் நாள்தோறும் போராடுவதே கதையின் உயிர்நிலை. இளையோர் அதில் மயங்குவது இரத்தத்தில் அன்று, அடக்கத்தில் என்று கண்டபொழுது யான் கடிந்த சொல் எனக்கே சுட்டது.

வகுப்பார் அறியக் கடிந்தவன் வகுப்பார் அறியவே தவறை ஒப்புக்கொள்ளுதல் முறை. அடுத்த வாரம் அவ்வாறே செய்து, அவள் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். அதனோடு ‘டிராகுலா’ ஒரு பிரதியும் கொடுத்து, எது மாறியது, ஏன் மாறியது என எழுதிவருமாறு கூறினேன். பின்னர்ப் பரணியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அன்று பின்வரிசையில் ஒருவரும் மேசைக்குக் கீழே பார்க்கவில்லை.